நிறைந்த களஞ்சியமும் நீக்கும் நெறியும்

துறத்தல் சிறந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இல்லறத்தார்க்கும் உரியது. ஆனால் துறத்தல் போலத் தோன்றும் எல்லாச் செயலும் அறமாகுமா? இடம் போதவில்லை என்ற ஒரே காரணத்தால் கைக்கு எட்டியதை எடுத்து எறிவதும் துறவா? எறியப்படும் பொருள் நம்முடையதாக இல்லாமல் பிறருடையதாக இருந்தால் அச்செயலுக்கு என்ன பெயர்? பொன்னையும் நெல்லையும் பொறுத்தவரை இவ்வினாக்களுக்கு நம் முன்னோர் விடை கண்டிருக்கின்றனர். பொன்னும் நெல்லும் அல்லாத ஒரு புதிய செல்வம் இன்று நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் குவிந்து வருகிறது. கணினியில் சேரும் தரவுகளே அச்செல்வம். அவை பெருகி, வட்டில் இடம் தீரும்போது எதை வைப்பது, எதை நீக்குவது, யார் அதைத் தீர்மானிப்பது என்பது பொறியாளர்க்கு மட்டும் உரிய வினா அன்று. அஃது ஓர் அறவினாவும் ஆகும். நீலகிரி மலையிலிருந்து கிடைக்கும் சில செய்திகளைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

கணக்கறையில் ஒரு களஞ்சியம்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, குந்தா முதலிய பகுதிகளில் பல்லாயிரம் குடும்பங்கள் சிறு தேயிலைத் தோட்டங்களால் வாழ்கின்றன. 25 ஏக்கருக்கு உட்பட்ட தோட்டம் உடையோரைச் சிறு தேயிலை விவசாயிகள் எனத் தேயிலை வாரியம் வகைப்படுத்துகிறது. இவர்கள் பறித்த பசுந்தேயிலை தொழிற்சாலைக்குச் செல்கிறது. அங்கே எடை குறிக்கப்படுகிறது. அந்த எடையைக் கொண்டே பின்னர் விலை கணக்கிட்டு வழங்கப்படுகிறது. ஆகவே விவசாயிக்கும் அவர் உழைப்பின் பயனுக்கும் இடையே நிற்கும் சான்று அந்த எடைக்குறிப்பு ஒன்றே.

ஆயிரம் விவசாயிகளிடம் இலை வாங்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு குறிப்பு, ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால், ஆண்டில் 3 லட்சம் குறிப்புகள் சேரும். ஒரு குறிப்புக்கு 200 பைட் இடம் என்றால் மொத்தம் 60 மெகாபைட். பத்து ஆண்டுக் கணக்கும் 600 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்றைய கைப்பேசிக்கும் இது பெருஞ்சுமை அன்று.

அவ்வாறாயின் வட்டை நிறைப்பது எது? கணக்கு அன்று, கணக்கைச் சுற்றி வளர்ந்தவையே நிறைக்கின்றன. ஒவ்வொரு ரசீதையும் படமாக எடுத்துச் சேர்த்தால், படம் ஒன்றுக்கு 200 கிலோபைட் வீதம் ஆண்டுக்கு 60 கிகாபைட் ஆகிறது. எழுத்துக் கணக்கைப் போல் ஆயிரம் மடங்கு. அச்சத்தால் நாள்தோறும் எடுத்த முழுக் காப்புநகல்கள் அதே வட்டில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எப்போதோ யாரோ சோதனைக்காக உண்டாக்கிய பிரதிகள் கேட்பாரற்று உறங்குகின்றன. தேவையானது சிறிது; தேவையானதன் நிழல் பெரிது. நம் இல்லங்களின் நிலைப்பேழைகளைத் திறந்து பார்த்தாலும் இதே உண்மை புலப்படும்.

இடம் தீரும்போது நிகழ்வது

தரவுத்தளம் என்பதைப் பழைய வணிகர் கணக்கோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். அதில் பேரேடு போன்ற கோப்புகள் உண்டு. தரவுகள் அங்கே நிலைபெறுகின்றன. நாள்வழிச் சிட்டை போன்ற கோப்புகளும் உண்டு. எந்த மாற்றமும் முதலில் சிட்டையில் எழுதப்படும். அதன் பின்னரே பேரேட்டில் நிலையாக ஏறும். இடையில் மின்சாரம் நின்றாலும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பயன். வட்டு நிறைந்துவிட்டால் சிட்டையில் எழுத முடியாது. சிட்டையில் எழுத முடியாத தரவுத்தளம் புதிய குறிப்பு எதனையும் ஏற்காது; சில வகைத் தரவுத்தளங்கள் அந்நிலையில் இயக்கத்தையே நிறுத்திக்கொள்ளும். இலை வண்டி வாயிலில் நிற்கும். எடை குறிக்க வழியிராது.

அந்த நேரத்துப் பதற்றத்தில் மனிதர் செய்யும் பிழைகள் சில உண்டு. அவை நமக்குப் பாடமாக அமைவன.

முதலாவது, பழைய குறிப்புகளை அவசரமாக அழித்தல். அழித்தால் இடம் கிடைக்கும் என்று எண்ணுகிறோம். போஸ்ட்கிரெஸ், மைசீக்குவல் போன்ற தரவுத்தளங்களில் ஒரு வரியை அழித்தால் பொதுவாக அதன் இடம் அந்தக் கோப்புக்குள்ளேயே காலியிடமாக வைத்துக்கொள்ளப்படும். அந்தக் கோப்பின் புதிய வரிகள் பின்னர் அதில் அமரலாம். ஆனால் கோப்பின் அளவு குறையாது; வட்டின் பாரமும் நீங்காது. அதுமட்டுமன்று. அழித்தலும் ஒரு மாற்றமே ஆதலால் அதுவும் சிட்டையில் எழுதப்பட வேண்டும். எனவே இடம் இல்லாத வேளையில் செய்யும் பேரழிப்பு, இருக்கும் சிறிதளவு இடத்தையும் விழுங்கிவிடும்.

இரண்டாவது, பெரிதாகக் கிடக்கிறது என்று சிட்டைக் கோப்பையே கையால் அழித்துவிடுதல். பேரேட்டில் இன்னும் ஏறாத உண்மைகள் அதில் இருக்கக்கூடும். அவ்வாறு அழித்தபின் தரவுத்தளம் மீண்டும் எழாமலே போனதும் உண்டு. பருமனைக் கண்டு பயனின்மை என்று முடிவு கட்டியதன் விளைவு அது.

மூன்றாவது பிழை நேரம் பற்றியது. கோப்பை உண்மையாகவே சுருக்குவதற்கு வழி இருக்கிறது. அவ்வழியில் தேவையான வரிகளை மட்டும் எடுத்துப் புதிய கோப்பாக எழுதி, அதன்பின் பழைய கோப்பை நீக்குவார்கள். அவ்வாறு செய்யப் பழையதும் புதியதும் சிறிது நேரம் ஒருங்கே இருக்க இடம் வேண்டும். கடைசி அங்குலம் வரை நிறையவிட்டவருக்கு அந்த இடம் ஏது? சேர்ப்பதில் எல்லை காணாதவர், துப்புரவு செய்யும் ஆற்றலையும் சேர்த்து இழக்கிறார்.

லினக்ஸ் கணினிகளில் பரவலாக வழங்கும் ஒரு கோப்பு முறைமை, வட்டின் 5 விழுக்காட்டைப் பொதுப் பயனாளர் தொட முடியாதபடி இயல்பாகவே ஒதுக்கி வைக்கிறது. நெருக்கடியில் நிர்வாகி உள்ளே வந்து சீர்செய்ய அவ்விடம் உதவும். கருவியை அமைத்தவர்கள், மனிதன் நிறைத்தே தீருவான் என்பதை அறிந்து முன்கூட்டியே ஒரு வரையறை வைத்திருக்கின்றனர். பொருள் வரைதல் என்று நாம் சொல்வதன் நுட்பமும் இதுவே அன்றோ? வரையறை என்பது நிறைந்த பின் தேடும் மருந்தன்று. நிறையும் முன் ஏற்கும் நோன்பு.

உதகையில் எண்ணப்படும் நுண்துகள்கள்

இதுவரை கூறியதைக் கேட்டு, ‘குறைவாகச் சேர்ப்பதே நன்று, பழையதை அவ்வப்போது கழித்துவிட வேண்டியதுதான்’ என்று முடிவு செய்வோர் இருக்கலாம். அம்முடிவுக்கு விரையும் முன் உதகமண்டலத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வை அறிதல் வேண்டும்.

உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்த அங்கே, கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வு இந்திய, ஜப்பானிய அறிவியலாளர்களின் கூட்டு முயற்சியாக நடைபெறுகிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான் என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. அவை நம் உடலையும் வீட்டுக் கூரையையும் ஊடுருவி எந்நேரமும் பொழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எண்ணுவதற்கு அங்கே 560 சதுர மீட்டர் பரப்பில் 3,712 எண்ணு குழாய்கள் அடுக்கப்பட்டுள்ளன. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் முன்பு நடந்த ஓர் ஆய்வில் பயன்பட்ட இரும்புக் குழாய்களைக் கழித்துவிடாமல் கொண்டுவந்து இவற்றுக்குப் பயன்படுத்தினர் என்பதும் குறிப்பிடத்தக்கது. நாள்தோறும் ஏறத்தாழ 400 கோடி மியூவான்கள் இங்கே பதிவாகின்றன.

2014ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் உதகையின் மேல் இடிமேகம் ஒன்று கடந்து சென்றது. அப்போது ஏறத்தாழ 18 நிமிடங்களுக்கு மியூவான்களின் எண்ணிக்கை சுமார் 2 விழுக்காடு குறைந்தது. மேகத்தில் இருந்த மின்னழுத்தம் துகள்களின் ஆற்றலைப் பாதித்ததால் ஏற்பட்ட குறைவு அது. விண்கதிரை மட்டும் நாடும் ஒருவருக்கு, வானிலையால் நேர்ந்த இத்தகைய ஏற்ற இறக்கம் இடையூறாகவே தோன்றக்கூடும்; களைந்துவிட வேண்டிய கறை என்று அவர் கருதக்கூடும். இந்த ஆய்வாளர்கள் அதனைக் களையவில்லை. 2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை கடந்து சென்ற 184 இடிமழைகளின் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். அந்த டிசம்பர் மேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று 2019இல் அறிவித்தனர். இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கக்கூடும் என்று சி.டி.ஆர். வில்சன் என்னும் அறிஞர் 1920களில் கூறியிருந்தார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் காத்திருந்த அக்கருத்துக்குச் சான்று உதகை மலையில் கிடைத்தது.

அந்தப் பதினெட்டு நிமிடம் மீண்டும் வாராது. அதே மேகம் அதே வழியில் இனி ஒருபோதும் செல்லாது. அந்தப் பதிவு அழிந்திருந்தால், எத்தனை கோடி ரூபாய் கொடுத்தாலும் அதனைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே, ‘பழையது, குறையுடையது, இன்று பயன்படாதது’ என்னும் மூன்றும் ஒன்றை நீக்கப் போதிய காரணங்கள் ஆகா என்பதை உணர்கிறோம்.

எல்லாவற்றையும் வைத்தல் கூடுமா?

எனினும் இதன் மறுதலையான முடிவும் பொருந்தாது. நாள்தோறும் வரும் 400 கோடி மியூவான்களில் ஒவ்வொன்றுக்கும் வெறும் 8 பைட் இடம் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 32 கிகாபைட்டும் ஆண்டுக்கு 11,000 கிகாபைட்டுக்கு மேலும் வேண்டியிருக்கும். வானத்தை 169 திசைகளாகப் பகுத்து, ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் மியூவான்களின் செறிவை ஆராய்வது கிரேப்ஸ்-3இன் முறை. பத்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு திசைக்கும் ஓர் எண்ணை மட்டும் எழுதுவதாகக் கொண்டால், எண் ஒன்றுக்கு 4 பைட் வீதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மெகாபைட்டே தேவைப்படும். 5,000 மடங்குக்கு மேல் சுருங்கியும், இடிமேகத்தின் சுவடு மறையாது. இங்கே நீக்கம் நிகழ்கிறது. ஆனால் அது கண்மூடித்தனமான நீக்கமன்று. எது பொருள், எது பொருளின் உடை என்று முன்பே ஆராய்ந்து, பொருளைக் கொண்டு உடையை விடுகின்ற நீக்கம் அது.

ஜெனீவா அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்திலும் இதே நெறியைக் காண்கிறோம். அங்குள்ள பெரும் துகள் முடுக்கியில் நொடிக்கு 4 கோடி முறை துகள் கற்றைகள் ஒன்றையொன்று கடக்கின்றன. அவற்றுள் நொடிக்குச் சில ஆயிரம் நிகழ்வுகளையே நிலையாகப் பதிவு செய்கின்றனர். எவற்றைக் கொள்வது என்னும் விதிகளை அறிஞர்கள் கூடி ஆராய்ந்து முன்னரே வகுத்துள்ளனர். அவ்விதிகள் தவறானால் அரிய உண்மை ஒன்று என்றென்றைக்கும் நழுவிவிடும் என்பதை அறிந்தே வகுக்கின்றனர்.

விதியில்லாமல், இடநெருக்கடி ஒன்றையே கருதி நீக்கியதால் நேர்ந்த இழப்புக்கும் உலகறிந்த சான்று உண்டு. 1969இல் மனிதன் முதன்முதலாக நிலவில் கால் பதித்தபோது அனுப்பப்பட்ட படங்களின் மூலப்பதிவு காந்த நாடாக்களில் இருந்தது. ஒளிபரப்பில் உலகம் கண்டதைவிட அது தெளிவானது. பின்னாளில் அதனைத் தேடியபோது கிடைக்கவில்லை. புதிய பதிவுகளுக்கு நாடா போதாமையால், பழைய நாடாக்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு மீண்டும் பயன்பட்டன என்றும், அவற்றுள் இதுவும் போயிருக்கக்கூடும் என்றும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2009இல் அறிவித்தது. ஒளிபரப்பின் நகல்கள் வேறிடங்களில் எஞ்சியிருந்ததால் காட்சி பிழைத்தது; மூலம் போயிற்று. இதில் தீய எண்ணம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. நாடா வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. தீய எண்ணம் இன்றியும் பிரமாதம் என்னும் அசட்டையால் தீங்கு விளையும் என்று நம் நூல்கள் எச்சரிப்பது இத்தகைய இடங்களுக்கும் பொருந்தும்.

வைத்திருப்பதும் தீங்காகும் இடம்

இழந்ததால் வந்த தீங்கைக் கண்டோம். வைத்திருப்பதால் வரும் தீங்கும் உண்டு. மருத்துவமனைக்குச் சென்றவரின் நோய்க்குறிப்பு, கடன் கேட்டவரின் வருமான விவரம், பெண் பார்க்கும் பொருட்டு வாங்கிய சாதகமும் புகைப்படமும், ஆதார் அட்டையின் நகல் ஆகியவற்றை ஒரு நோக்கத்துக்காகப் பெறுகிறோம். நோக்கம் நிறைவேறிய பின்னும் ‘இருக்கட்டும், என்றாவது உதவும்’ என்று வைத்திருந்தால், அது பிறர் வாழ்வை நம் அலமாரியில் பூட்டி வைப்பதை ஒக்கும். அந்தக் கோப்பு திருடர் கையில் சிக்கினால் துன்புறுபவர் நாம் அல்லர். நம்மை நம்பிக் கொடுத்தவர்.

2023இல் இயற்றப்பட்ட இந்திய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெற்ற நோக்கம் முடிந்தபின் தனிநபர் தரவை நீக்க வேண்டும் என்பதை ஒரு கடமையாக வைத்துள்ளது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் இடங்கள் இதற்கு விலக்கு. சட்டம் நேற்று வந்தது. அதன் உட்பொருள் நமக்குப் பழையது. தேவைக்கு மேல் வைத்திருப்பது வெறும் சுமை மட்டுமன்று, பிறர்க்கு இடராகவும் முடியும் என்பதை மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் முன்பே உணர்த்தியிருக்கிறது.

எடுத்தலிலும் வைத்தலிலும் விழிப்பு

எனவே ‘சேர்’ என்பதும் ‘நீக்கு’ என்பதும் தம்மளவில் அறமும் அல்ல, மறமும் அல்ல. அறத்தைத் தீர்மானிப்பது அவற்றின்பால் உள்ள விழிப்பு. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளை நாம் அறிவோம். அவற்றுள் ஆதான நிக்ஷேபண சமிதி என்பது ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறு நேராதபடி பார்த்து, மயிற்பீலியால் தடவிச் செயற்படுதல். உத்சர்க்க சமிதி என்பது கழிவை விடும்போதும் உயிரில்லாத இடம் பார்த்து விடுதல். இதன் உட்பொருளை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். கழிப்பதற்கும் ஒரு நெறி வகுத்தனர் நம் ஆசாரியர்கள். வேண்டாதது என்று ஆகிவிட்ட பொருளிடத்தும் விழிப்புத் தளரலாகாது என்பது அவர்கள் காட்டிய நுட்பம்.

அனைத்தும் துறந்த திகம்பர முனிவரிடத்தும் மூன்று உபகரணங்கள் இருக்கின்றன. உயிர்களைக் காக்கப் பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஞானத்துக்கு நூல். துறவின் உச்சியிலும் இவை பரிக்ரஹம் ஆகாமைக்குக் காரணம் என்ன? இவை பற்றினால் வைக்கப்பட்டவை அல்ல; பயன் கருதி வைக்கப்பட்டவை. வைத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் ‘இஃது எதற்காக’ என்ற விடை தெளிவாக இருக்கிறது. விடை சொல்ல இயலாத ஒன்று நம்மிடம் இருந்தால், அதன் அளவு ஒரு கிகாபைட் ஆயினும் ஒரு குன்றிமணி ஆயினும் அது பற்றின் பாற்பட்டதே.

இந்நெறியைத் தரவுகளுக்குப் பொருத்தினால், நீக்கும் முன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று ஆகின்றன.

இது யாருக்கு உரியது? தேயிலைத் தொழிற்சாலையின் வட்டில் இருந்தாலும் எடைக்குறிப்பு விவசாயிக்கும் உரியது. அவர் பணம் பெற்று, கணக்கு ஒப்பி, வழக்கு எழுவதற்குரிய காலமும் சட்டம் குறித்த காலமும் கடக்கும் முன் அதனை நீக்க வட்டின் உரிமையாளருக்கு அறவுரிமை இல்லை.

இதனை மீண்டும் பெற முடியுமா? கூட்டித் தொகுத்த அறிக்கைகளை மூலக்குறிப்பிலிருந்து எப்போது வேண்டுமாயினும் உண்டாக்கலாம். அவற்றை முதலில் நீக்கலாம். மூலக்குறிப்பை எதிலிருந்தும் உண்டாக்க முடியாது. அதன் மீது கை வைப்பது கடைசியாக இருக்க வேண்டும். இடிமேகத்தின் பதினெட்டு நிமிடம் இவ்வகையைச் சார்ந்தது.

வைத்திருந்தால் யாருக்கேனும் துன்பம் நேருமா? நேரும் எனில், முதலிரு வினாக்களின் விடை இடந்தரும் நாளிலேயே அதனை நீக்கிவிட வேண்டும். வட்டில் இடம் ஏராளமாக இருப்பது அதனை வைத்திருக்கக் காரணம் ஆகாது.

இவ்வினாக்களுக்கு விடை கண்டபின் செயல்முறை எளிது. தரவை ஆண்டு வாரியாகத் தனித்தனிப் பகுதிகளாக வைத்தால், காலம் முடிந்த பகுதியை வரி வரியாக அழிக்காமல் ஒரே செயலில் பிரித்தெடுக்கலாம். இடமும் உடனே கிடைக்கும். பிரித்ததை வேறு வட்டிலோ நாடாவிலோ வேறோர் இடத்தில் காக்க வேண்டும். காத்ததை ஒருமுறை திறந்து படித்துப் பார்த்த பின்னரே மூலத்தை நீக்க வேண்டும். திறந்து பார்க்காத காப்புநகல் ஒரு நம்பிக்கை மட்டுமே. அது சான்று ஆகாது. முக்கால் பங்கு நிறைந்தவுடன் எச்சரிக்கை வரும்படி அமைத்துக்கொண்டால், பதற்றத்தில் முடிவெடுக்கும் நிலையே வாராது.

படி எடுத்துப் பல இடங்களில் வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் ஏட்டில் எழுதுவித்து வழங்கினார். ஓலைக்கும் ஆயுள் உண்டு; செல்லும் நீரும் தீயும் உண்டு. ஓர் ஏட்டைப் பூட்டி வைத்திருந்தால் அது பற்றாக முடிந்திருக்கும். ஆயிரம் படியாக்கிக் கொடுத்ததால் அது சாத்திர தானம் ஆயிற்று. காத்தலும் கொடுத்தலும் முரண்பட்டவை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெரிய வட்டு வாங்கினால் ஆகாதா?

ஓர் ஐயம் எஞ்சுகிறது. ‘வட்டுகள் மலிந்துவிட்டன, பெரியது ஒன்று வாங்கினால் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?’ என்று இளைஞர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. 1956இல் வெளிவந்த முதல் வணிக வட்டுக் கருவி ஐம்பது பெருந்தட்டுகளைக் கொண்டிருந்தும் அதில் அடங்கியவை ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளே. இன்று விரல்நகம் அளவான அட்டையில் அதைப் போல் லட்சம் மடங்குக்கு மேல் அடங்குகிறது. ஆயினும் வட்டு நிறைந்தது என்ற முறையீடு நின்றபாடில்லை. கொள்கலம் பெருகப் பெருகக் கொள்ளும் ஆசையும் பெருகியது. அவசரத் தேவைக்குப் பெரிய வட்டு வாங்குவதில் குற்றம் இல்லை. வாயிலில் நிற்கும் விவசாயியின் இலையை நிறுத்தாமல் எடை போட அது உதவும். ஆனால் அது வாங்கித் தருவது காலத்தை, தெளிவை அன்று. எதற்காக வைத்தோம் என்பதை அறியாத குவியலில், தேவைப்படும் நாளில் தேவையான ஏடும் அகப்படாது. இடம் இருந்தும் கிடைக்காத பதிவுக்கும், அழிந்துபோன பதிவுக்கும், தேடுபவர் நிலையில் என்ன வேறுபாடு?

யார் தீர்மானிப்பது என்பதற்கும் ஒரு சொல். நள்ளிரவில் நிறைந்த வட்டின் முன் தனித்து அமர்ந்திருக்கும் ஊழியர் தலையில் இம்முடிவைச் சுமத்துவது முறையன்று. அவரிடம் இருப்பது அழிக்கும் ஆற்றல். அழிக்கும் உரிமை அன்று. எதனை எத்தனை ஆண்டு வைப்பது என்பதைப் பொறுப்புடையோர் பகற்பொழுதில் கூடி, தரவுக்கு உரியவர்களின் நலனையும் எண்ணி, எழுத்தில் வகுத்துத் தர வேண்டும். நம் சங்கங்களும் அறக்கட்டளைகளும் உறுப்பினர் பட்டியலையும் நன்கொடைக் கணக்கையும் கணினியில் ஏற்றியுள்ள இந்நாளில், இத்தகைய ஒரு பக்க விதி ஒவ்வொன்றிலும் இருக்கிறதா என்று பார்த்தல் நலம்.

இல்லங்களுக்கும் இதுவே பொருந்தும். கைப்பேசியில் ஒரே திருமணத்தின் நானூறு படங்கள் இருக்கின்றன. பாட்டியின் குரலில் அவர் பாடிய தோத்திரம் ஒன்றே ஒன்று இருக்கிறது. இடம் தீர்ந்துவிட்டது என்று கருவி சொல்லும் நொடியில் விரல் எதன் மேல் விழும் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒரு நாள் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து, மீண்டும் பெற முடியாதவற்றை முதலில் படியெடுத்து இரண்டு இடங்களில் வைக்கலாம். பிறர் நம்பித் தந்தவற்றுள் நோக்கம் முடிந்தவற்றை நீக்கலாம். எஞ்சியவற்றுக்கு ஓர் அளவு வரையலாம். பரியூஷண காலத்தில் உள்ளத்தைத் துப்புரவு செய்யும் நமக்கு இது கடினமான செயல் அன்று.

வைப்பதை ஏன் வைக்கிறோம் என்று அறிந்து வைப்போம். விடுவதை யாருக்கும் ஊறு நேராமல் பார்த்து விடுவோம். நிறையும் முன் வரையறுத்து, விழிப்போடு எடுத்து, விழிப்போடு நீக்கும் இந்நெறியை நம் இல்லங்களிலும் சங்கங்களிலும் கடைப்பிடிப்போமாக.